நடுப்படி

செருப்புச் சத்தத்தை வைத்தே படியில் வருவது யார் என்று சொல்லிவிடுவாள், தூண் என்று நாங்கள் கூப்பிடுகிறவனின் சம்சாரம். அவள் தம்பி இரண்டிரண்டு படியாகத் தாவி வருவான், பட்பட்டென்று கேட்கும். அவள் புருஷன் ஒவ்வொரு படியிலும் முழுப் பாதத்தையும் வைத்து வருவான், தொம் தொம்மென்று கேட்கும். சாயங்காலம் அடுப்பில் என்ன கொதித்தாலும் அவள் காது படியில்தான் கிடக்கும். இரண்டு சத்தமும் சேர்ந்து கேட்டால்தான் அவளுக்கு மூச்சு ஒழுங்காக வரும். ஒன்று மட்டும் கேட்டால் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிடுவாள்.

அந்தக் கட்டடத்தில் நான் கீழ் அறை, அவர்கள் மேல் அறை. வேலையும் ஒன்றுதான். வீடு மாற்றுகிறவர்களின் சாமானை ஒரு மாடியிலிருந்து இறக்கி இன்னொரு மாடியில் ஏற்றுகிற கம்பெனி. லிஃப்ட் இருக்கிற கட்டடத்துக்கு எங்களை யாரும் தேடுவதில்லை. படி மட்டும் இருக்கிற, அதுவும் குறுகலாகத் திரும்புகிற படி இருக்கிற வீடு என்றால்தான் எங்கள் மூன்று பேரை அனுப்புவார்கள்.

கனத்த சாமானுக்குக் கீழே ஓர் ஆள், மேலே ஓர் ஆள். பாரத்தில் பெரும்பங்கு கீழே நிற்கிறவனுக்குத்தான். அந்த இடம் தூணுடையது. அவனுக்கு அந்தப் பெயர் வந்ததே அப்படித்தான். மேலே அவன் மச்சான், அதாவது பெண்டாட்டியின் தம்பி. எனக்கு இடுப்பு போன பிறகு படி பார்க்கிற வேலை. சாமானைக் கட்டிப்பிடித்து நிற்கிறவனுக்குத் தன் கால் தெரியாது. "இன்னொரு படி", "இடது பக்கம் சுவரு", "திருப்பம் வருது" என்று நான்தான் கூடவே சொல்லிக்கொண்டு வர வேண்டும். கடைசியில் நாலு மூலையும் தரையில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு "வெச்சாச்சு" என்பேன். அது காதில் விழுந்த பிறகுதான் கையை எடுப்பார்கள். விரல் நசுங்கினாலும் சரி, மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் சரி, "வெச்சாச்சு" வராமல் கையை எடுக்கிறவன் எங்களோடு வேலை செய்ய முடியாது. ஒருவன் முந்திக்கொண்டால் மற்றவன் எலும்பு போய்விடும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எடுத்தால் வீட்டுக்குள் கொண்டுபோய்த்தான் இறக்குவோம். நடுப்படியில் வைத்து மூச்சு வாங்குகிற ஆட்களைத் தவணைக்காரர்கள் என்று கிண்டல் பண்ணுவோம்.

மழைக்காலம் ஆரம்பித்த சமயம். துணி துவைக்கிற மெஷின் ஒன்றை மேலே ஏற்றிக்கொண்டிருந்தோம். நான் தூணுக்குப் பின்னால் இரண்டு படி கீழே நின்றேன். அவன் வலது முழங்கால் ஆடியது. குளிரில் நிற்கிற மாடு தோலைச் சிலிர்க்குமே, அந்த மாதிரி. அப்புறம் நின்றது. மெஷினை வைத்தோம். இறங்கி வரும்போது கேட்டான்.

"அண்ணே, பார்த்தீங்களா?"

"எதை?"

"பார்க்கலைன்னா விடுங்க."

நான் பார்த்தேன் என்று அவனுக்கும் தெரியும். அடுத்த வாரமே ஜிம்மில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

வேலை முடிந்து, லாரியிலிருந்து இறங்கி, உடம்பெல்லாம் அட்டைப்பெட்டித் தூசியோடு நேராக அங்கே போவான். ஒரு நாள் தவறினதில்லை. ஒரு நாள் கால், ஒரு நாள் முதுகு, ஒரு நாள் நெஞ்சு. தேய்கிற பலத்தை அங்கே நிரப்பிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தான். குழாயில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி.

ஒரு மாதம் போயிருக்கும். காலையில் தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள் அவள்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்வீங்களா?"

"கேளும்மா."

"இன்னைக்கு அவரால சட்டை பட்டன் போட முடியல. வெரல் நிக்கவே மாட்டேங்குது. நான்தான் போட்டுவிட்டேன். கேட்டா, 'நேத்து முதுகுக்குப் பண்ணேன், அப்படித்தான் இருக்கும், போகப்போகப் பலமாயிடும்'ங்கிறார். பலமாகுறவர் கை எதுக்குண்ணே நடுங்கணும்?"

"புதுசு இல்லையா, உடம்பு பழகணும்."

"உங்க வாய் ஒண்ணு சொல்லுது, மூஞ்சி ஒண்ணு சொல்லுது." குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அவள் கவனிக்கவில்லை. "கீழ நிக்கிறது என் புருஷன். மேல நிக்கிறது என் தம்பி. நடுவுல இருக்குற பீரோ எந்தப் பக்கம் சாஞ்சாலும் என் வீட்டுலதாண்ணே விழும்."

குழாயை மூடினேன்.

"படியில அவர் காலைப் பார்க்குறது நீங்க ஒருத்தர்தான்," என்றாள். "எனக்காகப் பார்த்துக்குங்க. அந்த ஜிம்முக்கும் ஒரு நாள் அவர்கூடப் போங்க. என்னதான் பண்றார்னு எனக்குத் தெரியணும்."

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்னையும் மேலே கூப்பிட்டாள். ஜன்னலுக்கு வெளியே மழை விடுவதும் வருவதுமாக இருந்தது. காயாத சாக்குக் கையுறைகளைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். தூண் முன்னால் அவித்த முட்டை ஒரு கிண்ணம்.

"அக்கா, ஒரு டவுட்," என்றான் மச்சான். "நாள் முழுக்க பஸ் ஓட்டுறவன், வேலை முடிஞ்சதும் வாடகைக்கு ஒரு பஸ் எடுத்து ஊரைச் சுத்துவானா?"

"மாட்டான்."

"மாமா சுத்துறாரே."

தூண் முட்டையை உரித்துக்கொண்டே சிரித்தான். "உனக்குத் தெரியாது மச்சான். வேலையில தூக்குறது வேற, அங்க தூக்குறது வேற. அங்க கண்ணாடி முன்னாடி நின்னு, முதுகு நேரா இருக்கான்னு பார்த்துப் பார்த்துத் தூக்குவாங்க."

"போன வாரம் நாம அலங்கார மேசை தூக்கினோமே மாமா. அதுலயும் கண்ணாடி இருந்துச்சே, ஆளுயரத்துக்கு. எனக்கு அதுல என் பல்லுதான் தெரிஞ்சுது."

"நீ பல்லைக் காட்டாம தூக்கு, முதுகு தெரியும்."

எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே தண்ணீர் டம்ளரை எடுத்தான் தூண். எடுத்த கை பாதி தூரத்தில் நின்றுவிட்டது. நடுங்கிற்று. டம்ளர் நழுவித் தட்டில் விழுந்து சோறெல்லாம் தண்ணீர்.

மச்சான் தன் தட்டைப் பார்த்தான். அவள் எழுந்து துணி எடுத்து வந்து துடைத்தாள். புருஷன் முகத்தைப் பார்க்காமல், மேசையின் ஒரே இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வழுக்கிடுச்சு," என்றான் அவன்.

"ஆமா. டம்ளர்தானே," என்றாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் நானும் ஜிம்முக்குப் போனேன். கடைகளுக்கு மேலே நீளமான ஒரு கூடம். ரப்பர் வாசனையும் வியர்வை வாசனையும் கலந்து வந்தது. பயிற்சி கொடுக்கிறது ஒரு பொண்ணு, எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாத உடம்பு. கணீரென்ற குரல்.

இரும்புச் சட்டத்துக்குள் நின்று, கம்பியைத் தோளில் வாங்கி, உட்கார்ந்து எழ வேண்டும். கம்பியின் இரண்டு பக்கமும் தட்டு தட்டாகக் கனம். முடியாமல் போனால் தாங்கிக்கொள்ள இடுப்புக்குக் கீழே இரண்டு தாங்கு கம்பிகள். அன்றைக்கு நாங்கள் மூன்று மாடி ஏறி இறங்கியிருந்தோம். அவன் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தான். மூன்றாம் முறை உட்கார்ந்தான், எழவில்லை.

பாதி எழுந்து, அப்படியே நின்றுபோனான். முழங்கால் ஆட ஆரம்பித்தது. நான் படியில் பார்த்த அதே ஆட்டம், ஆனால் நிற்கவில்லை. தொடைக்குப் போயிற்று, இடுப்புக்கு வந்தது.

மாஸ்டர் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்தினாள். "சார், விட்டுடுங்க! இறங்கி விட்டுடுங்க, கீழ கம்பி தாங்கிக்கும்!"

அவன் விடவில்லை. தாங்கு கம்பி ஒரு சாண் கீழேதான் இருந்தது. கொஞ்சம் குனிந்தால் போதும். விரலெல்லாம் வெள்ளையாகிவிட்டது, கண்ணாடியில் அவன் கண் என்னைத் தேடியது. அவள் ஓடி வந்தாள், "விடுங்க, விடுங்க" என்று காதருகே கத்தினாள். அவனுக்கு அது வார்த்தையாகவே போய்ச் சேரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாங்கு கம்பியை ஒரு முறை பார்த்தேன். உறுதியாக இருந்தது.

"வெச்சாச்சு!" என்றேன்.

தடாலென்று விழுந்தது. கூடமே திரும்பிப் பார்த்தது. அவன் கம்பிக்கு அடியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்தான்.

"அது என்ன வார்த்தை?" என்று கேட்டாள் மாஸ்டர், மூச்சு வாங்கிக்கொண்டே.

"எங்க வேலையில சொல்றதும்மா. சாமான் தரையில உட்கார்ந்தா சொல்வோம்."

"என்ன சாமான்? இவர் ஆபீஸ்ல வேலை பார்க்குறாரு இல்ல?"

நான் தூணைப் பார்த்தேன். அவன் ரப்பர் தரையைப் பார்த்தான்.

"கம்பெனின்னுதான் சொன்னேன்," என்றான்.

"உட்கார்ந்து பார்க்குற வேலையான்னு கேட்டேன். தலையாட்டினீங்க."

"லாரியில உட்கார்ந்துதானே போறோம்."

"வீடு மாத்துற வேலைம்மா," என்றேன். "பீரோ, கட்டில், மெஷின். படியிலதான் எல்லாம்."

அவள் இடுப்பில் கை வைத்து அவனையே பார்த்தாள். "எதுக்கு சார் மறைச்சீங்க?"

"சிரிப்பாங்கன்னு." அவன் குரல் ஒடுங்கிப்போயிருந்தது. "தூக்குறவன் எதுக்குடா தூக்கிப் பழக வந்தான்னு கேட்பாங்க இல்ல?"

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாற்காலியிலயே இருந்து இருந்து இடுப்பு இறுகிப்போனவங்களுக்குப் போடுற பயிற்சி இது. அவங்க தினம் வந்தாலும் பரவாயில்ல. நீங்க பகல் முழுக்கப் படி ஏறிட்டு அதே காலோட வந்து இங்கயும் பண்ணியிருக்கீங்க. தூக்குறப்ப பலம் வராது சார். தூக்கிட்டுப் போய்ப் படுத்தாதான் வரும். நீங்க எப்ப ஓய்வு எடுக்குறீங்க?"

அவன் நிஜமாகவே யோசித்தான். "லாரியில போறப்ப," என்றான்.

அப்புறம் அவள் சொன்னதை நான் மனசில் ஏற்றிக்கொண்டேன், அவன் மறந்தாலும் அவன் பெண்டாட்டிக்குச் சொல்ல வேண்டுமே. வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் இந்தப் பக்கம் வரக் கூடாது. ஒன்று லீவு நாளில், நன்றாகத் தூங்கிச் சாப்பிட்டு வந்து. அன்றைக்குக் கனமாகத் தூக்கலாம், ஆனால் கொஞ்சமாக. இன்னொன்று சில்லறைச் சாமான் மட்டும் இருக்கிற நாளில். பெரிய படி வேலைக்கு முந்தின நாள் வரவே கூடாது. நெஞ்சோடு அணைத்தே தூக்கித் தூக்கி முதுகின் மேல்பக்கம் தூங்கிப்போயிருக்கும், அதனால் இங்கே பின்னால் இழுக்கிற பயிற்சிகள். எதுவானாலும், இன்னும் இரண்டு தடவை முடியும் என்று தோன்றும்போதே நிறுத்திவிட வேண்டும்.

"முடியும்னு தெரிஞ்சே நிறுத்துறதா?" என்றான் தூண்.

"ஆமா. உங்களுக்குத் தூக்க நான் சொல்லித்தர வேண்டாம். நிறுத்தத்தான் சொல்லித்தரணும் போல. நாளைக்கு என்ன வேலை?"

"நாலாவது மாடி. இரும்பு பீரோ."

அவள் நெற்றியைத் தடவிக்கொண்டாள். "லீவு போடுங்க."

"போட்டா என் மச்சானோட வேற ஒருத்தன் கீழ நிப்பான். அவன் யாரோ எவனோ. அவன் கைவிட்டா என் மச்சானையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும்."

"அப்ப நடுவுல வெச்சு வெச்சு எடுங்க."

கெட்ட வார்த்தை காதில் விழுந்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். வழியெல்லாம் தூறல். கட்டடத்து வாசலில் வைத்து ஒன்றே ஒன்று சொன்னான். "வீட்டுல சொல்லாதீங்கண்ணே."

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. காலையில் பட்டன் போட்டுவிடும்போது கழுத்துக்குக் கீழே கம்பி பதிந்த கன்றல் அவள் கண்ணில் பட்டிருக்கிறது. அவர்கள் கிளம்பும்போது நான் மேல் வாசலில் இருந்தேன்.

"நீ மேலதானேடா நிப்ப?" என்று தம்பியைக் கேட்டாள்.

"எப்பவும் மேலதான். நீ யாருக்குக்கா பயப்படுற, எனக்கா மாமாவுக்கா?"

"ரெண்டு கண்ணுல எது வேணும்னு கேக்குறியே நீ."

அவன் தாவிக்கொண்டு இறங்கினான். தூண் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். அவள் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, இன்னைக்கு 'வெச்சாச்சு'ங்கிறதைச் சரியான நேரத்துக்குச் சொல்லுங்க."

பீரோ பழைய காலத்துச் சாமான், தடித்த தகடு. காலியாக இருந்தும் அசைக்க முடியவில்லை. வீட்டுக்கார அம்மா மேலே நாலாம் மாடி வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். படியில் ஈரம். மேல் ஜன்னல் வழியாகச் சாரல் அடித்திருந்தது. நான் முன்கூட்டியே ஏறிச் சாக்குப் போட்டுத் துடைத்துவிட்டு வந்து, மரக்கட்டையை இடுப்பில் செருகிக்கொண்டேன். அது கதவு மூடாமலிருக்க வைக்கிற கட்டை. படியில் அதற்கு வேலை வந்ததே இல்லை.

"எடு."

"எடுத்தாச்சு மாமா."

முதல் மாடி போயிற்று. "இன்னொரு படி. திருப்பம். வலது மூலையை உள்ள வாங்கு." இரண்டாம் மாடி போயிற்று. தூணின் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. நான் படியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடி தாண்டி நடுப்படி.

ஆடியது.

மேலே மச்சானுக்குத் தெரியாது. நடுவில் பீரோ. தெரிந்தது எனக்கும் அவனுக்கும்தான். என் வாயில் இருந்த ஒரே வார்த்தையைச் சொன்னால் அவன் கையை விட்டுவிடுவான். பீரோ மூன்று மாடியும் உருளும், அவனும் நானும் அதற்கு அடியில், மேலே பிடித்திருக்கிறவனும் கூடவே வருவான். வேறு வார்த்தை எதுவும் எங்கள் தொழிலில் இல்லை. "நிறுத்து" என்று சொல்ல ஒரு சொல்லை நாங்கள் வைத்துக்கொள்ளவே இல்லை. ஆட்டம் தொடைக்கு ஏறியது.

"ஏன் மாமா நிக்கிறீங்க? ஏறுங்க."

தூண் மூச்சை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"மாமா?"

"அண்ணே," என்றான் தூண். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "கட்டை."

இடுப்பிலிருந்து கட்டையை உருவினேன்.

"கட்டையப் போடுங்கண்ணே. வைக்கணும்."

குனிந்தேன். என் இடுப்பு ஏதோ சொன்னது, நான் கேட்கவில்லை. கட்டையைக் கீழ்ப்படியில் கொடுத்து, பீரோவின் அடி மூலையை அதன்மேல் வாங்கினேன். "மச்சான், சுவர்ப் பக்கம் சாய். மெதுவா. இன்னும். இன்னும் கொஞ்சம்." தகடு சுவரில் உரசி நின்றது. கட்டையைக் காலால் உதைத்துப் பார்த்தேன். அசையவில்லை. பீரோவைத் தள்ளிப் பார்த்தேன். அதுவும் அசையவில்லை.

"வெச்சாச்சு."

மச்சான் கையை எடுத்தான். தூண் எடுக்கவில்லை.

"வெச்சாச்சுப்பா. நான் சொல்றேன் இல்ல, வெச்சாச்சு."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு அவன் படியில் உட்கார்ந்தான். தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டான். மேலேயிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. "என்னப்பா, பாதியிலேயே நிறுத்திட்டீங்க?"

"தவணைம்மா!" என்று மச்சான் கத்தினான். "மீதி அப்புறம்!"

அப்புறம் பீரோவுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் தலையை நீட்டினான். சிரித்த முகம் மாறிப்போயிருந்தது. மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நான் ரெண்டாவது மாடித் திருப்பத்துலயே கேக்கலாம்னு இருந்தேன் மாமா. கை போயிடுச்சு."

"கேட்க வேண்டியதுதானே?"

"நீங்க கேக்காதப்ப நான் எப்படிக் கேப்பேன்?"

தூண் அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான். எத்தனையோ வீட்டுப் படிகளில் அவர்கள் இரண்டு பேரும் இப்படி ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஏறியிருக்கிறார்கள், நடுவில் யாருடையதோ ஒரு பீரோ. மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. மூச்சு சீராகும்வரை மூன்று பேரும் நடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தோம். அதற்கப்புறமும் ஒரு தடவை வைத்துத்தான் வீட்டுக்குள் சேர்த்தோம்.

சாயங்காலம் நான் கொஞ்சம் முன்னாலேயே மேலே போய்விட்டேன். என் செருப்பு மட்டும் கேட்டதில் அவள் கரண்டியோடு வாசலுக்கு வந்திருந்தாள்.

"வர்றாங்கம்மா. கடையில நிக்கிறாங்க," என்றேன். "இன்னைக்கு ஜிம்மும் இல்லை. இனிமே லீவு நாள்லதான் முக்கியமா. மாஸ்டர் சொன்னதை நான் உனக்கு விவரமா சொல்றேன்."

"அதை அப்புறம் சொல்லுங்க. படியில என்ன ஆச்சு?"

"நடுப்படியில இறக்கி வெச்சான்."

"யாரு? அவரா?"

"அவனேதான். கேட்டு வெச்சான்."

அவள் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாள். கரண்டியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போது கீழே சத்தம் கேட்டது. பட்பட். தொம் தொம். இரண்டும். பட்பட் ஏறி வந்துகொண்டே இருந்தது. தொம் பாதியில் நின்றுவிட்டது.

அவள் கை கதவைப் பிடித்தது. பாதி எழுந்தாள். கீழே நடுப்படியில் யாரோ நிதானமாக மூச்சு விடுகிற சத்தம். பட்பட்டும் நின்றது. பிறகு இரண்டு படி திரும்ப இறங்கிப் போனது.

"என்ன மாமா, தவணையா?"

"ஆமாடா. உட்காரு."

அவள் மறுபடியும் உட்கார்ந்தாள்.

"மெதுவா வரட்டும்," என்றாள் என்னிடம். கொஞ்ச நேரம் காது கொடுத்துக்கொண்டிருந்துவிட்டு, கருகுகிற வாசனை வந்த பிறகுதான் எழுந்து அடுப்புக்குப் போனாள்.